கம்பவுண்டரும் பார்மசிஸ்ட்டும் ஒன்றா?

கீழக்கரை, தொண்டிப் பக்கத்துப் பெரியவர்கள் மருந்துக்கடைக்காரரை இன்றும் கம்பவுண்டர் என்கிறார்களே, இரண்டும் ஒரே தொழில்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். வேர் ஒன்றுதான், சட்டப்படி நிலை வேறு. மருத்துவர் எழுதிய சீட்டைப் பார்த்து மிக்சர் மருந்தைக் கலந்து, எத்தனை வேளையோ அத்தனை வெட்டுகள் வைத்த காகிதப் பட்டையைப் புட்டியின் பக்கவாட்டில் ஒட்டிக் கொடுத்தவர் கம்பவுண்டர்; மருந்து வழங்கச் சட்டப்படி பதிவேட்டில் பெயர் பதிந்தவர் பார்மசிஸ்ட். (சுக்கும் திப்பிலியும் விற்கும் நாட்டு மருந்துக்கடை இந்தக் கணக்கில் வராது.) ஐரோப்பாவில் 13ஆம் நூற்றாண்டிலேயே பேரரசர் இரண்டாம் பிரெடெரிக் மருத்துவத்தையும் மருந்து விற்பனையையும் சட்டத்தால் பிரித்துவிட்டார், இந்தியாவிலோ, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 1932இல் மருந்தியல் படிப்பு தொடங்கிய பின்னரும், பார்மசிஸ்ட்டுகளுக்கான நாடு தழுவிய பதிவு முறைக்கு 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ ஐந்தாண்டுக்குக் குறையாமல் மருந்து கலந்தவர்களும் முதல் பதிவேட்டில் இடம்பெற அச்சட்டம், என் பார்வையில் நியாயமாகவே, வழிவிட்டது.