புது ஸ்டீரியோவில் திரை எரிகிறது, ஆனால் சத்தமே வரவில்லை. காரில் கம்பெனி ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. என்ன செய்வது?

முதலில் ஸ்டீரியோவின் நீல-வெள்ளை வயரைப் பாருங்கள். ஸ்டீரியோ ஆன் ஆனதும் அதில் 12 வோல்ட் வரும், ஆம்ப்பை எழுப்புவது அதுதான். காரின் ஹார்னஸில் (வயர்களின் தொகுப்பு) ஆம்ப்புக்குப் போகும் ஆன்-சிக்னல் வயரோடு அதைச் சேர்க்காவிட்டால் மற்ற எல்லா வயரும் சரியாக இருந்தும் சத்தம் வராது. வெறும் நீல வயர் ஆண்டெனாவுக்கானது, பல ஸ்டீரியோக்களில் ரேடியோ ஓடும்போது மட்டும்தான் அதில் மின்சாரம் இருக்கும், அதில் இணைத்தால் ப்ளூடூத்துக்கு மாற்றியதும் பாட்டு நின்றுவிடும்.

அப்புறம் சிக்னல். சில ஆம்ப்கள் ஸ்பீக்கர் வயரின் சிக்னலையே வாங்கிக்கொள்ளும், சில குறைந்த அளவு சிக்னலைத்தான் எதிர்பார்க்கும். இரண்டாவது வகையில் ஸ்பீக்கர் வயரை நேராகக் கொடுத்தால் கரகரவென்று உடையும், இரைச்சலும் கேட்கும். உங்கள் மாடலுக்கான ஆம்ப் அடாப்டர் ஹார்னஸ் கிடைத்தால் தயங்காமல் அதையே வாங்குங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஸ்பீக்கர் மைனஸ் வயர்களை ஒன்றாக முறுக்கி பாடியில் எர்த் செய்யாதீர்கள், ஸ்டீரியோவின் அவுட்புட் ஐசி (ஸ்பீக்கருக்குச் சிக்னல் அனுப்பும் சிப்) போய்விடும்.

ஆம்ப்பைத் தவிர்த்துவிட்டு நேராக ஸ்பீக்கருக்கே வயர் இழுக்கலாமா? மல்டிமீட்டரில் ஸ்பீக்கரின் ஓம் (மின்தடை அளவு) பார்த்துவிட்டு முடிவெடுங்கள். போஸ் (Bose) ஆடியோ அமைப்புள்ள சில கார்களில் ஸ்பீக்கர் 2 ஓம் அல்லது அதற்கும் குறைவு, வெளி ஸ்டீரியோக்களில் பெரும்பாலானவை 4 ஓமுக்குக் கீழே தாங்காது.

பிஎம்டபிள்யூ, பென்ஸ் போன்றவற்றின் பல மாடல்களில் ஒலி ஃபைபர் ஆப்டிக் வழியாகப் போகிறது. அங்கே வயர் நிறம் பார்த்துப் பயனில்லை, அதற்கான இன்டர்ஃபேஸ் மாட்யூல் வாங்கியே ஆக வேண்டும்.