எடை மெஷின் இல்லாமல் மாடு கொழுத்திருக்கிறதா, மெலிந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியில் இருக்கும் விவரம் இவ்வளவுதான்: ஜெர்சி கலப்பின மாடு, மூன்றாவது ஈத்து, கன்று போட இரண்டு மாதம் இருக்கிறது, பால் வற்றவிட்டாயிற்று. வயிறு பெருத்திருக்கிறது, ஆனால் விலா தெரிகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துகிறார். ஆட்டுக்கும் இதே முறைதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் வயிற்றை மறந்துவிடுங்கள். வயிறு காட்டுவது தீவனத்தையும் தண்ணீரையும் கன்றையும்தான், சதையை அல்ல. சந்தைக்கு ஓட்டும் முன் உப்புப் போட்டுத் தண்ணீர் காட்டி வயிற்றை நிரப்புவது பழைய வித்தை. அதனால்தான் ஈரோடு கருங்கல்பாளையம் மாதிரி சந்தைகளில் விவரம் தெரிந்தவர்கள் மாட்டைப் பக்கவாட்டில் பார்த்ததோடு விடுவதில்லை. பின்னால் போய் வாலடியில் கை வைக்கிறார்கள். பூச்சி பிடித்த கன்றுக்கும் வயிறு உப்பித்தான் இருக்கும், முதுகில் ஒன்றும் இருக்காது. விலாவும் நம்பத்தகுந்த சாட்சி இல்லை. ஜெர்சி கலப்பில் கடைசி இரண்டு மூன்று விலா லேசாகத் தெரிந்தால் பதற வேண்டாம்.

கால்நடை மருத்துவர்கள் கறவை மாட்டுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 1 என்றால் எலும்பும் தோலும், 5 என்றால் எலும்பே தெரியாத கொழுப்பு. இடையில் கால் கால் மதிப்பெண்ணாகவும் பிரிப்பார்கள். இந்த மாதிரி கையால் தடவி மதிப்பிடும் முறையை 1961-இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் செம்மறி ஆட்டுக்கு எழுதி வைத்தார்கள். மாட்டுக்கு எண்பதுகளில் அமெரிக்காவில் அட்டவணை போட்டார்கள். நமக்கு அட்டவணை முழுவதும் தேவையில்லை, மூன்று இடம் போதும்.

மாட்டைச் சமதளத்தில் நான்கு காலும் ஊன்றி நிற்க வையுங்கள். பக்கவாட்டில் நின்று, இடுப்பில் துருத்தும் எலும்பு, தொடை மூட்டு, வாலுக்குக் கீழே இருக்கும் புட்ட எலும்பு ஆகிய மூன்றையும் கண்ணால் ஒரு கோடாக இணையுங்கள். அந்தக் கோடு நடுவில் ஆங்கில 'வி' போலக் கூர்மையாக இறங்கினால் மதிப்பெண் 3 அல்லது அதற்குக் கீழே. 'யு' போல வளைந்து இறங்கினால் 3.25-க்கு மேலே. முதல் பார்வையிலேயே மாடு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். எனக்குப் பிடித்த சோதனை இதுதான்.

அப்புறம் கை. விலா முடிந்து இடுப்பு தொடங்கும் இடைவெளியில், முதுகெலும்பிலிருந்து பக்கவாட்டில் நீளும் சின்ன எலும்புகளின் முனைகள் இருக்கும். உள்ளங்கையை முதுகின் மேல் வைத்து விரல்களால் அந்த முனைகளைத் தடவுங்கள். அழுத்தாமலே ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குத்தினால் 2. கொஞ்சம் அழுத்தினால்தான் தட்டுப்படுகிறது என்றால் 3. பலமாக அழுத்த வேண்டியிருந்தால் 4. மூன்றாவது இடம் வாலடி. வாலின் இரு பக்கமும் ஆழமான குழி இருந்தால் மெலிவு. குழி மேலோட்டமாக, உள்ளே மெத்தென்று கொஞ்சம் சதை இருந்தால் சரியான நிலை. குழியே இல்லாமல் கொழுப்பு மடிப்பு மடிப்பாகத் தொங்கினால் அதிகம். கண்ணை மட்டும் நம்பினால் மழைக்காலத்தில் முடி சிலிர்த்து நிற்கும் மாடு ஏமாற்றிவிடும், கை ஏமாறாது.

கன்று போடும்போது 3 முதல் 3.5 வரை இருக்கலாம். நம் பக்கத்தில் மெலிந்த மாட்டுக்குத்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். கொழுத்த மாட்டைப் பார்த்து "நல்லா வெச்சிருக்கீங்க" என்பார்கள், ஆனால் என்னைக் கேட்டால் அதுதான் அதிக ஆபத்து. கன்று போட்டதும் பால் வேகமாக ஏறும், தீனி அந்த வேகத்தில் ஏறாது. அந்தப் பற்றாக்குறையை மாடு தன் கொழுப்பைக் கரைத்து ஈடுகட்டும். கொழுத்த மாட்டுக்கு ஈன்ற பின் பசியும் குறைவு, கரையும் கொழுப்போ அதிகம். அத்தனையும் ஈரலில் போய்ப் படியும், கொழுப்பு அளவுக்கு மீறிக் கரைவதால் வரும் கீட்டோசிஸ் என்ற நோய் வரும். அப்போது மாடு புண்ணாக்கு, தவிடு போன்ற அடர்தீவனத்தைத் தொடாது, வைக்கோலை மட்டும் கடித்துக்கொண்டிருக்கும், பாலும் சரியும். கன்று வெளியே வருவதில் சிரமம், பால் காய்ச்சல் (ஈன்றதும் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்து மாடு படுத்துவிடுவது) இரண்டும் கொழுத்த மாட்டில் கூடுதல். மெலிந்த மாட்டில் பால் குறையும், பருவத்துக்கு வருவது தள்ளிப்போகும்.

இப்போது உங்கள் மாட்டுக்கு வருவோம். 2.5-க்குக் கீழே இருந்தால் அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி ஒன்று, ஒன்றரை கிலோ அதிகமாகக் கொடுக்கலாம், மெதுவாகத் தேறும். உண்மையில் தேற்ற வேண்டிய காலம் கறவையின் கடைசி மாதங்கள். அப்போது தின்பது வற்றிய காலத்தைவிட நன்றாக உடம்பில் ஒட்டும். 4-ஐத் தாண்டியிருந்தால் பட்டினி போடாதீர்கள். கன்று வேகமாக வளரும் நேரம் இது, தீனியை வெட்டினால் கொழுப்பு இப்போதே கரைந்து ஈரலுக்குப் போகும். புல்லும் வைக்கோலும் வயிறாரக் கொடுத்து, புண்ணாக்கு, தவிட்டை மட்டும் அளவோடு வைத்து, மேலே ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மதிப்பெண்ணைவிட அது எவ்வளவு மாறுகிறது என்பது முக்கியம். பால் வற்றவிடும்போது, கன்று போட்டதும், ஈன்று ஒன்றரை மாதத்தில் என மூன்று முறை, முடிந்தால் ஒரே ஆளே தடவிப் பாருங்கள். பின்பக்கத்தை மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்தால் ஒப்பிடலாம். ஈன்ற பின் அரை மதிப்பெண் இறங்குவது எல்லா மாட்டுக்கும் உள்ளது. ஒரு முழு மதிப்பெண் இறங்கினால் சினை ஊசி நிற்பது சந்தேகம், தீவனத்தைக் கவனியுங்கள்.

எடைதான் வேண்டுமென்றால் டேப் இருக்கிறது. முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து புட்ட எலும்பு வரையான நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் தோராயமாகக் கிலோ வரும். சுற்றளவு 64, நீளம் 56 என்றால் சுமார் 347 கிலோ. பூச்சி மருந்து அளவுக்கு இது உதவும். சதை எவ்வளவு என்று இது சொல்லாது. உயரமான மெலிந்த மாடும் குட்டையான கொழுத்த மாடும் ஒரே எடை காட்டலாம்.

இன்னொன்று, இந்த அளவுகோலைக் கறவை இனத்தைப் பார்த்துத்தான் செய்தார்கள். காங்கேயம் மாதிரி திமில் உள்ள உழவு மாட்டுக்கு அப்படியே பொருத்தாதீர்கள்.

ஆட்டுக்கு: செம்மறியைக் கண்ணால் பார்ப்பதில் பலன் குறைவு, ரோமம் மறைத்துவிடும், இடுப்பு முதுகை விரலால் பிடித்துப் பார்க்க வேண்டும். வெள்ளாடு கொழுப்பை முதலில் குடலைச் சுற்றியும் சிறுநீரகத்தைச் சுற்றியும் சேர்க்கும், முதுகில் கடைசியில்தான். அதனால் முதுகோடு சேர்த்து முன்னங்கால்களுக்கு இடையே நெஞ்செலும்பின் மேல் இருக்கும் சதையையும் பிடித்துப் பாருங்கள். முதுகு ஒட்டியிருந்தும் நெஞ்சில் கை நிறையச் சதை கிடைத்தால் அந்த ஆட்டுக்குத் தீவனம் கூட்ட வேண்டியதில்லை.