அரேஞ்சருக்கு என்ன வேலை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவைப் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். நடுவில் போகிற போக்கில் ‘அந்தப் பாட்டுகளில் பாதி நெல்சன் ரிடிலுடையது’ என்று ஒரு வரி. அதைத் தாண்ட முடியவில்லை. நான் வார இறுதிகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன். கல்யாண வரவேற்பு, கோயில் கொடை, காதுகுத்து எல்லாம் உண்டு. எனக்குத் தெரிந்த கணக்குப்படி மெட்டு ஒருவர் போட்டது, பாடியது இன்னொருவர். இந்த மனிதர் நடுவில் என்னதான் செய்தார்? உதவியாளர்தானே? ‘அரேஞ்சர்’ என்கிறார்கள், ‘கண்டக்டர்’ என்றும் போட்டிருக்கிறார்கள். கையை ஆட்டுவதற்குத் தனியாக ஒரு ஆள் எதற்கு? அவர் சொந்தமாக எதுவும் இயற்றவில்லையா? நான் குதர்க்கமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியவில்லை. கேட்பதற்கு ஒன்றிரண்டு சொன்னாலும் சந்தோஷம்.

எஸ்., கோவில்பட்டி

அன்புள்ள எஸ்.,

குதர்க்கமாகவே கேட்டிருந்தாலும் பதில் எழுதியிருப்பேன். இருபது வருடம் முன்பு நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நடைபாதையில் வாங்கிய ஒரு கேசட்டில்தான் சினாட்ரா எனக்கு அறிமுகம். அட்டையில் அவர் பெயர், தொப்பி போட்ட படம், அவ்வளவுதான். எல்லாவற்றையும் அவரே செய்தார் என்று ரொம்ப நாள் நம்பினேன்.

ஆனால் உங்கள் கேள்விக்கான விடை உங்கள் கையிலேயே இருக்கிறது. மேடையேறும் முன் பாடகி வந்து ‘அண்ணே, அரைக் கட்டை இறக்கிக்கோங்க’ என்கிறார். ஒரிஜினலில் இருபது வயலின் வாசித்த இடத்தை நீங்கள் ஒற்றைக் கையால் ஸ்டிரிங்ஸ் டோனில் சமாளிக்கிறீர்கள். புல்லாங்குழல்காரர் வரவில்லை. இன்டர்லூடை கிடாருக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு சின்னத் துணுக்கு வைக்கிறீர்கள். இதுதான் அரேஞ்சிங். நீங்கள் அவசரத்துக்குச் செய்வதை ரிடில் நாற்பது பேருக்கு முன்கூட்டியே, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காகிதத்தில் எழுதினார்.

நமக்கு இது எளிதில் புலப்படாததற்கு ஒரு காரணம் உண்டு. இளையராஜா மாதிரி மெட்டையும் இசைக்கோர்ப்பையும் ஒரே கையால் எழுதுகிறவரைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இரண்டும் வேறு வேறு வேலை என்றே நமக்குத் தோன்றுவதில்லை. அமெரிக்காவில் அந்தக் கோடு தெளிவாக இருந்தது. பாட்டை எழுதியவர் 1936-ல் எழுதிவிட்டுப் போயிருப்பார். இருபது வருடம் கழித்து ஒரு பாடகர் அதை எடுப்பார். தாளில் இருப்பது மெட்டும், அதனுடன் சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகளும் (chords) மட்டுமே. எந்த வேகம், எந்தச் சுருதி, எப்படித் தொடங்குவது, எங்கே பொங்குவது, எங்கே அடங்குவது எல்லாம் அரேஞ்சர் தலையில்.

ரிடில் 1921-ல் நியூ ஜெர்சியில் பிறந்தார். பதினான்கு வயதில் ட்ராம்போன் என்ற பித்தளை ஊதுகருவியை எடுத்தார். 1944-ல் டாமி டார்ஸியின் ஜாஸ் குழுவில் சேர்ந்தபோது, அதே குழுவில் பாடிப் பெயர் வாங்கிய சினாட்ரா அங்கிருந்து போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. டார்ஸியும் ட்ராம்போன்காரர். நீண்ட வாக்கியத்தை மூச்சு விட்டது தெரியாமல் ஒரே இழுப்பில் வாசிப்பவர். சினாட்ரா மூச்சைக் கற்றது அவரைப் பார்த்துத்தான். பின்னால் இந்த இருவரும் சேர்ந்தபோது ஒருவர் பாட்டை மற்றவர் அவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டதற்கு அந்த ஒரே பள்ளிக்கூடம் காரணம் என்பது என் ஊகம்.

ராணுவச் சேவை முடிந்து 1946 கடைசியில் ஹாலிவுட் போனார். அங்கே காஸ்டெல்நுவோ-டெடெஸ்கோ என்ற இத்தாலிய இசையமைப்பாளரிடம் பாடம் கேட்டார். பின்னால் சினிமா இசையில் பெயர் வாங்கிய ஹென்றி மான்சினியும் ஜான் வில்லியம்ஸும் படித்த வீடு அது. ஜாஸ் குழுவில் வளர்ந்த ஆள் ராவெல், டெபுஸி என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர்கள் பக்கம் சாய்ந்தது இப்படித்தான். அவருடைய வயலின்களில் எப்போதும் லேசாக ஒரு பிரெஞ்சு மூட்டம் இருக்கும்.

இப்போது உங்கள் ‘உதவியாளர்’ விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சொல் அவருக்கு ஒரு காலத்தில் சரியாகவே பொருந்தியது. 1950-ல் பாடகர் நாட் கிங் கோல் பாடிய ‘மோனா லிசா’ ஊரையே கலக்கியது. இசைத்தட்டில் லெஸ் பாக்ஸ்டர் பெயர் இருந்தது. இசைக்கோர்ப்பை எழுதியவர் ரிடில். இப்படி இன்னொருவர் பெயரில் எழுதிக் கொடுப்பது அன்றைக்குச் சாதாரணம். கேட்ட காசு வந்தால் சரி, பெயர் வராது. கோல் விசாரித்து உண்மையைத் தெரிந்துகொண்டார். அதன் பிறகு நேராக ரிடிலிடமே வந்தார்.

1953-ல் இதைவிட வேடிக்கை. சினாட்ராவின் சந்தை அப்போது படுத்துக் கிடந்தது. அவரை எடுத்துக்கொண்ட கேபிடல் இசைத்தட்டு நிறுவனம் புதிதாக ஒருவரை அவருக்குப் பழக்க நினைத்தது. ஏப்ரல் 30 அன்று ஒலிப்பதிவு. சினாட்ரா எதிர்பார்த்து வந்தது பில்லி மே என்ற இன்னொரு அரேஞ்சரை. அவர் வேறு ஊரில். இசைக்குழுவுக்கு முன்னால் நிற்பவர் யாரென்று கேட்டாராம். பில்லி மேயின் கோர்ப்பை நடத்திக் கொடுக்க வந்தவர் என்று பதில். அன்று பதிவான நான்கில் இரண்டை ரிடில் நிஜமாகவே பில்லி மே பாணியில் எழுதியிருந்தார், அந்த வழுக்கி வழுக்கி ஓடும் சாக்ஸபோன்கள் உட்பட. மீதி இரண்டு அவருடைய சொந்தப் பாணி. அதில் ஒன்று ‘ஐ’வ் காட் த வேர்ல்ட் ஆன் எ ஸ்ட்ரிங்’. அதைக் கேட்ட பிறகு சினாட்ராவுக்கு வேறு யாரையும் தேடத் தோன்றவில்லை. இன்னொருவர் குரலில் பேசத் தெரிந்தவனுக்குத்தான் தன் குரல் எதுவென்று துல்லியமாகத் தெரியும் போல.

சரி, ஒரு பாட்டை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். ‘ஐ’வ் காட் யூ அண்டர் மை ஸ்கின்’. வரி, மெட்டு இரண்டும் கோல் போர்ட்டர். அதை அமைதியான காதல் பாட்டாகப் பாடி முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் பாடியிருக்கிறார்கள்.

1956 ஜனவரி 12, ஹாலிவுட்டில் மெல்ரோஸ் சாலையில் இருந்த ஸ்டூடியோ. பாட்டு கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டது. ரிடிலுக்குத் தூங்க நேரமில்லை. காரில் வரும் வழியில்கூட எழுதிக்கொண்டிருந்தார் என்று ஒரு கதை உண்டு. நடுவில் வரும் இசைப்பகுதிக்கு என்ன செய்வதென்று யோசித்தபோது, பாஸ் ட்ராம்போன் வாசிக்கும் ஜார்ஜ் ராபர்ட்ஸ், ஸ்டான் கென்டன் குழுவில் ட்ராம்போன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் ஒரு கியூபப் பாணி இசையை நினைவுபடுத்தினார். ரிடிலின் மனதில் ராவெலின் ‘பொலேரோ’வும் இருந்தது. அதாவது ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசித்து, சத்தத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போவது.

ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். தொடக்கத்தில் சினாட்ரா கிட்டத்தட்டப் பேசுகிற மாதிரி பாடுகிறார். வேகம் நடையின் வேகம். ரிடில் அதை இதயத் துடிப்பின் வேகம் என்பார். அடியில் ஒரு சின்ன உருவம் ஓடிக்கொண்டே இருக்கிறது. சினாட்ரா வாக்கியத்தை முடித்ததும், அது வரைக்கும் வாயைத் திறக்காத ட்ரம்பெட் அடைப்பான் போட்டுக்கொண்டு இரண்டு மூன்று ஸ்வரம் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுகிறது. பாடகர் வாய் திறந்திருக்கும்போது குறுக்கே யாரும் வருவதில்லை. நல்ல பக்கவாத்தியக்காரரிடம் நாம் மெச்சும் அதே நாகரிகம். அப்புறம் அவர் நிறுத்துகிறார். வயலின்கள் ஒரு படி ஏறுகின்றன. ட்ராம்போன் ஒன்று, அதற்கு மேல் இன்னொன்று, அதற்கு மேல் இன்னொன்று. இனி தாங்காது என்ற இடத்தில் மில்ட் பெர்ன்ஹார்டின் தனி ட்ராம்போன் கூரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வருகிறது. அது முடிந்ததும் சினாட்ரா திரும்பி வருகிறார். முதல் பாதியில் பேசிய ஆள் இல்லை அவர். பாட்டின் வரிகளை ரிடில் தொடவில்லை, மெட்டில் ஒரு ஸ்வரத்தையும் மாற்றவில்லை. ஆனால் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ள முயன்று தோற்கிற ஒருவனின் கதை அந்தப் பாட்டுக்குள் வந்துவிட்டது. கடைசியில் எல்லாம் அடங்கி, ஒன்றுமே நடக்காதது மாதிரி மெல்ல முடிகிறது.

முதல் முறை வாசித்துப் பார்த்து முடித்ததும் குழுவினர் எழுந்து ரிடிலுக்குக் கைதட்டினார்கள் என்று அங்கிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பிறகு 22 டேக் போனது. பாவம் பெர்ன்ஹார்ட். நல்லதையெல்லாம் முதல் சில டேக்குகளிலேயே வாசித்துத் தீர்த்துவிட்டதாகப் பின்னாளில் குறைபட்டுக்கொண்டார். மைக் உயரத்தில் இருந்ததால் நடுவில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து போட்டு, அவரை அதன்மேல் ஏற்றி வாசிக்க வைத்தார்கள். நாம் இன்று கேட்பது பெட்டிமேல் நின்ற ட்ராம்போன்.

கண்டக்டர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நமக்குக் கண்டக்டர் என்றாலே விசில்தான் ஞாபகம் வரும், என்ன செய்ய! அந்தக் காலத்தில் பாடகரும் குழுவும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் பதிவு செய்தார்கள். மூன்று மணி நேர செஷனில் மூன்று நான்கு பாட்டு முடிய வேண்டும். சினாட்ரா தாளத்துக்குப் பின்னால் சாய்ந்து பாடுவார், திடீரென்று முன்னால் பாய்வார். அவர் அடுத்த மூச்சை எங்கே எடுக்கப் போகிறார் என்று ஒருவர் அவர் தோளைப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் இத்தனை வயலின் வில்லும் ஒன்றாக இறங்கும். நடத்துவதில் ரிடில் மேதை என்று சொல்ல மாட்டேன். 1958-ல் வந்த ‘ஒன்லி த லோன்லி’ தட்டின் பதிவுகள் சிலவற்றின்போது அவர் நாட் கிங் கோலுடன் பயணத்தில் இருந்தார். வயலின் கலைஞர் ஃபெலிக்ஸ் ஸ்லாட்கின்தான் நடத்தினார். ஆனால் எழுத்து முழுக்க ரிடில். அதற்குச் சற்று முன்புதான் அவர் தன் தாயையும் ஒரு கைக்குழந்தையையும் பறிகொடுத்திருந்தார். அந்தத் தட்டில் பித்தளை வாத்தியங்கள் எங்கோ தூரத்தில், மூடிய கதவுக்குப் பின்னால் ஒலிக்கிற மாதிரி இருக்கும். காரணம் இதுதான் என்று முடிச்சுப் போட எனக்கு விருப்பமில்லை. தெரிந்துகொண்டு கேட்டால் வேறு மாதிரிதான் கேட்கிறது.

சொந்தமாக இயற்றினாரா? இயற்றினார். ‘கிராஸ் கன்ட்ரி சூட்’ என்று கிளாரினெட்டுக்கும் குழுவுக்குமான தொடர் ஒன்று. முதன்முதலாக கிராமி விருதுகள் கொடுத்த ஆண்டிலேயே அதற்கு ஒரு விருது கிடைத்தது. ‘ரூட் 66’ தொலைக்காட்சித் தொடரின் தீம் அவருடையதுதான். 1975-ல் ‘த கிரேட் காட்ஸ்பி’ படத்துக்காக ஆஸ்கர். அதுவும் தழுவல் இசைக்கான பிரிவில்! அவர் பெயரில் 1956-ல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ‘லிஸ்பன் ஆன்டிகுவா’வின் மெட்டும் போர்ச்சுகல்காரர்களுடையது. இன்னொருவர் மெட்டில்தான் அவர் கை முழுசாகத் திறந்தது. சொந்த மெட்டு எழுதும்போது கொஞ்சம் மரியாதையாக உட்கார்ந்துகொள்கிறார் என்று எனக்குப் படும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நல்ல சமையல்காரர் விவசாயியாகவும் இருந்தாக வேண்டுமா?

ஆனால் காசு விஷயத்தில் அந்த வித்தியாசம் கொடூரமானது. தட்டு ஒவ்வொன்று விற்கும்போதும் பாட்டை எழுதியவருக்கு ராயல்டி போகும், பாடகருக்கும் போகும். அரேஞ்சருக்கு எழுதிக் கொடுத்த அன்று ஒரு தொகை, அதோடு சரி. அறுபதுகளின் நடுவில் ராக் வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. சினாட்ராவும் வேறு அரேஞ்சர்கள் பக்கம் நகர்ந்துவிட்டார். ரிடில் தொலைக்காட்சிக்கு எழுதிக் காலம் தள்ளினார்.

அப்புறம்தான் லிண்டா ரான்ஸ்டாட் வந்தார். ராக் பாடகி, ரிடிலின் மகள் வயது. பழைய பாட்டு ஒன்றிரண்டுக்கு இசை கோர்த்துத் தர முடியுமா என்று கேட்டார். தனிப்பாட்டு செய்வதில்லை, முழு ஆல்பம் என்றால் செய்கிறேன் என்றாராம் ரிடில். வேலையில்லாத காலத்திலும் அந்த மிடுக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. 1983-ல் வந்த ‘வாட்ஸ் நியூ’ லட்சக்கணக்கில் விற்றது. தொடர்ந்து இன்னும் இரண்டு. மூன்றாவது வெளிவருவதற்குள், 1985 அக்டோபரில், 64 வயதில் இறந்துபோனார்.

நீங்கள் எதிலிருந்து தொடங்கலாம்? மேலே சொன்ன பாட்டை முதலில் கேளுங்கள். அடுத்து ‘க்ளோஸ் டு யூ’ ஆல்பம். அதில் பெரிய குழு கிடையாது, நான்கே நான்கு தந்தி வாத்தியங்களைச் சுற்றி ரிடில் எழுதியது. கல்யாண வரவேற்பில் ஒற்றை ஆளாக ஸ்டிரிங்ஸ் வாசிக்கிற உங்களுக்கு அது அதிகம் உதவும். முதல் தடவை சினாட்ராவைக் கேளுங்கள், தப்பில்லை. இரண்டாவது தடவை செல்லோவை மட்டும் பின்தொடருங்கள். அது எந்தெந்த இடத்தில் சும்மா இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்து எனக்கு அனுப்புங்கள். நானும் குறித்து வைத்திருக்கிறேன், ஒத்துப் பார்க்கலாம்.