காய்ச்சலே இல்லையே, ஊசி எதற்கு?

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேத்திக்கு நாலு மாதம். பிறந்தபோது 2.4 கிலோ. தாய்ப்பால் போதவில்லை என்று பால்பவுடர் கொடுத்தோம். டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே என்று தண்ணியாகவே கரைத்தோம். போன மாதம் இரண்டு நாள் பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாள். எடை 3.9 கிலோதான் என்று அட்மிட் செய்து ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டார்கள். உடம்பு சுடவே இல்லை. அப்புறம் எதற்கு அத்தனை ஊசி?
ஒரு பாட்டி, அருப்புக்கோட்டை

பதில்: உடம்பு சுடவில்லை என்கிறீர்களே அம்மா, அந்த டாக்டரைப் பயமுறுத்தியதே அதுவாகத்தான் இருக்கும்.

காய்ச்சல் வரவும் உடம்பில் தெம்பு வேண்டும். சவலைப் பிள்ளைக்குக் கொழுப்பும் சதையும் கரைந்து, எதிர்ப்பு அணுக்கள் பக்குவப்படும் தைமஸ் சுரப்பியே சுருங்கிப் போயிருக்கும். நிமோனியா இருந்தாலும், ரத்தத்தில் கிருமி கலந்தாலும் தெர்மாமீட்டர் ஏறாமல் போகலாம். சில சமயம் இறங்கும்.

நான் புதிதாக டியூட்டி பார்த்த காலத்தில் இப்படி ஒரு ஐந்து மாதப் பிள்ளை வந்தது. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. சத்து டானிக் எழுதி அனுப்பப் பேனாவை எடுத்துவிட்டேன். வார்டு சிஸ்டர் பிள்ளையின் பாதத்தைப் பிடித்தவர், "டாக்டர், தொட்டுப் பாருங்க, சில்லுனு இருக்கு" என்றார். அக்குளில் வெறும் 94 டிகிரி. ரத்தச் சர்க்கரையும் 40க்கு இறங்கியிருந்தது. பிள்ளை பிழைத்தது, அந்த சிஸ்டரால். இன்றும் மெலிந்த குழந்தை வந்தால் முதலில் காலைத்தான் தொடுகிறேன்.

அதனால்தான் இவ்வளவு மெலிந்த பிள்ளைக்குக் கிருமி இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, ரிசல்ட் வரும்வரை காத்திராமல் ஆம்பிசிலின், ஜென்டாமைசின் ஊசிகளை ஆரம்பிக்கிறோம்.

சரி, இனி வீட்டில். பவுடரைத் தண்ணியாகக் கரைக்கவே கரைக்காதீர்கள். வயிறு ரொம்பும், உடம்பு தேறாது. டப்பாவில் போட்ட அளவுதான். புட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாலாடையை (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறியதும் அதில் புகட்டுங்கள். அதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் மகளின் மார்பில் சப்ப விடுங்கள். சப்பச் சப்பத்தான் பால் ஊறும். மகளைத் திட்டாதீர்கள், அவளுக்கும் வயிறார சாப்பாடு வேண்டும்.

பாதம் சில்லிட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, தூக்கினால் துவண்டாலோ, ஒரு நிமிடம் முழுக்க எண்ணும்போது மூச்சு 50ஐத் தொட்டாலோ, விடியட்டும் என்று இருக்க வேண்டாம். பேத்தியைத் தாயின் நெஞ்சோடு நெஞ்சாகச் சேர்த்துப் போர்த்திக்கொண்டு, 108ஐக் கூப்பிடுங்கள்.