கோர்ட் புக்ல பேரு இருந்தா குற்றவாளியா? ஏஜென்ட்டுக்கு பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ஒரு வாசகி எழுதியிருக்காங்க. அவங்க வீட்டுக்காரர் அமெரிக்கர், அப்பா வழி முன்னோர் ஒருத்தர் 1750கள்ல வர்ஜீனியாவோட மேற்கு எல்லையில அகஸ்டா கவுண்டியில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) விவசாயம் பண்ணவர். அப்ப அது பிரிட்டிஷ் ராஜாவோட காலனி. கவுண்டி கோர்ட்டோட ஆர்டர் புக்ல, அதாவது கோர்ட்டு அன்னன்னைக்கு போட்ட உத்தரவை எழுதி வெச்ச புத்தகத்துல, அவர் பேரு நாலு இடத்துல வருது. ஒரு மே மாசம் கிராண்ட் ஜூரில, அதாவது ஊர்ல நடக்கிற தப்பை கோர்ட்டுக்குச் சொல்ற குழுவுல, உக்காந்திருக்கார். அடுத்த வருஷம் நவம்பர்ல, ரோட்டை ஒழுங்கா வெக்கலைன்னு கிராண்ட் ஜூரி அவர் மேலயே புகார் குடுத்திருக்கு. இன்னொரு இடத்துல அவருக்கு 75 பவுண்டு (எடைக் கணக்கு) புகையிலை தரணும்னு உத்தரவு. கடைசியா, சண்டையில ஒருத்தன் அவர் காதைக் கடிச்சுட்டான்னு ஒரு பதிவு. வம்சாவளி தேடித் தர்ற ஏஜென்ட் ஒருத்தர், "இவர் ஜட்ஜா இருந்தவர், புகையிலை வியாபாரி, சர்வேயர், அப்புறம் ஒரு கேஸ்ல மாட்டிக்கிட்டார், 400 டாலர் குடுங்க, குடும்பச் சின்னத்தோட சர்டிபிகேட் போட்டுத் தரேன்"ன்னு சொல்றாராம். மாமியாருக்கு "கேஸ்" வார்த்தைய கேட்டதுல இருந்து தூக்கம் இல்லையாம். நம்பலாமான்னு கேக்குறாங்க.

பணம் கட்டாதீங்க. அதை முதல்ல சொல்லிடுறேன்.

உங்க மாமனார் வீட்டு முன்னோர் ஜட்ஜும் இல்ல, அந்தப் புகாரால குற்றவாளியும் இல்ல. அந்த ஊர்ல சொந்தமா கொஞ்சம் நிலம் வெச்சிருந்த ஒரு சாதாரண ஆளு, அந்த மாதிரி ஆளுங்க தலையிலதான் கோர்ட் வேலை பாதி விழுந்துச்சு. அகஸ்டா கோர்ட் முதல்ல கூடுனது 1745 டிசம்பர்ல, இன்னைக்கு ஸ்டான்டன்னு இருக்கிற இடத்துல. கோர்ட் கட்டடம்னா பெருசா நினைச்சுக்காதீங்க, மரக்கட்டையை அடுக்கின கொட்டகை, கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல நாலஞ்சு அங்குலம் இடைவெளி, ஜன்னல்னு ரெண்டு சின்ன ஓட்டை, அதுக்குக் கண்ணாடியும் கிடையாது கதவும் கிடையாது, இது ராஜாவோட நீதிபதிங்க உக்கார்ற லட்சணத்துல இல்லைன்னு அப்பவே எழுதி வெச்சிருக்காங்க. மாசத்துக்கு ஒரு தடவை கோர்ட் நாள். குதிரை விக்கிறவன், கடன் வசூல் பண்றவன், சும்மா வேடிக்கை பாக்க வந்தவன் எல்லாரும் அங்கதான் இருப்பான். ஒரு சிவில் வழக்குக்கு ஜூரி (வழக்கைக் கேட்டு முடிவு சொல்ற ஊர்க்காரங்க குழு) வேணும்னா, ஷெரிஃப்ங்கிற கவுண்டி அதிகாரி அங்க நின்னுட்டு இருக்கிற நிலக்காரங்கள்ல பன்னெண்டு பேரைக் கூப்பிட்டு உக்கார வெச்சிடுவார். அதனாலதான் ஒரே நாள்ல ஒரே ஆளு மூணு நாலு வழக்குல ஜூரியா வருவான். இதைப் பாத்துட்டு "எவ்ளோ செல்வாக்கான மனுஷன்"னு சொல்ற ஏஜென்ட்டுங்களை நான் நிறைய பாத்துட்டேன். செல்வாக்கும் இல்ல ஒண்ணும் இல்ல, அன்னைக்கு ஊருக்கு வந்திருந்தார், அவ்ளோதான்.

ஜட்ஜா இருந்தாரான்னு பாக்க ஏஜென்ட்டே தேவையில்ல. அங்க வழக்கு கேட்டது ஜஸ்டிஸ் ஆஃப் பீஸ்னு சொல்ற உள்ளூர் பெரிய மனுஷங்க. ஜனங்க ஓட்டுப் போட்டு வந்தவங்க இல்ல, இருக்கிற ஜஸ்டிஸுங்களே பேரை சிபாரிசு பண்ணுவாங்க, கவர்னர் நியமிப்பார். எல்லைப்புறத்துல ஜனங்களே ஜனங்களை ஆண்டாங்கன்னு நெட்ல உருகி எழுதுறவங்க இதை வசதியா மறந்துடுறாங்க. ஒவ்வொரு நாள் பதிவோட தலையிலயும் அன்னைக்கு உக்காந்த ஜஸ்டிஸுங்க பேரு இருக்கும். அங்க உங்க ஆளு பேரு இல்லைன்னா அவர் ஜட்ஜ் இல்ல, முடிஞ்சுது.

இப்ப புகார் விஷயம். கிராண்ட் ஜூரி வருஷத்துக்கு ரெண்டு தடவை, மே மாசமும் நவம்பர் மாசமும் கூடும். ஷெரிஃப் 24 நிலக்காரங்களுக்கு சம்மன் அனுப்பணும், 15 பேராவது வந்தாப் போதும். அவங்க வேலை, சுத்துவட்டாரத்துல யார் என்ன தப்பு பண்ணாங்கன்னு சொல்றது. கொலை கொள்ளைன்னு நினைக்காதீங்க. கடவுள் பேரை இழுத்து கெட்ட வார்த்தை பேசினான், ஒரு மாசமா சர்ச்சுக்கு வரல, லைசென்ஸ் இல்லாம சாராயம் வித்தான், ரோடு சரியில்ல, பெரும்பாலும் இதான். கெட்ட வார்த்தை பேசினதுக்கும் சர்ச்சுக்கு வராததுக்கும் அபராதம் 5 ஷில்லிங், இல்லாட்டி 50 பவுண்டு புகையிலை. ரோட்டு வேலைக்கு கோர்ட் ஒரு பக்கத்து ஆளை மேற்பார்வைக்குப் போடும், சம்பளம் கிடையாது, அவர் அந்தப் பகுதியில 16 வயசு தாண்டின ஆம்பளைங்களைக் கூட்டிட்டு வந்து மரத்தை வெட்டி பாதையை சரி பண்ணணும். இந்தப் பொறுப்புக்கு அவங்க சர்வேயர்னுதான் எழுதுவாங்க, நிலம் அளக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. மழையில பாதை போச்சுன்னா புகார் அவர் பேர்ல. அடுத்த கோர்ட்டுக்கு வந்து "சரி பண்ணிட்டேன்"னு சொல்லி செலவைக் கட்டினா நிறைய தடவை தள்ளுபடியே ஆயிடும். அதனால ரெண்டு மூணு மாசம் தள்ளியும் பக்கத்தைப் புரட்டிப் பாருங்க, முடிவு அங்கதான் இருக்கும். ஏஜென்ட் பாத்திருக்க மாட்டார்.

இங்க ஒரு விதிவிலக்கு இருக்கு, கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா இதுல கோட்டை விட்டா மொத்த வம்சாவளியும் தப்பாயிடும். கிராண்ட் ஜூரில யார் வேணா உக்கார முடியாது. சாராயக்கடை நடத்துறவர், கான்ஸ்டபிள், மில் வெச்சிருக்கிறவர், ரோட்டு மேற்பார்வையாளர், இந்த நாலு பேரையும் சட்டமே ஒதுக்கி வெச்சிருந்துச்சு. காரணம் சிம்பிள், கிராண்ட் ஜூரி முன்னாடி அடிக்கடி புகார் வர்றதே இவங்க மேலதான், தன் மேல தானே புகார் குடுப்பானா? இப்ப உங்க விஷயத்துக்கு வாங்க. மே மாசம் ஜூரி, அடுத்த வருஷம் நவம்பர்ல ரோட்டு ஆளு, நடுவுல எப்பவோ அவரை ரோட்டுக்கு நியமிச்சிருந்தா இது ஒரே மனுஷன்தான், பிரச்சனை இல்ல. ஆனா அந்த மே மாசத்துக்கு முன்னாடியே நியமிச்சு, நடுவுல மாத்தவும் இல்லைன்னா, அதே பேர்ல ரெண்டு பேரு இருந்தாங்களான்னு முதல்ல சந்தேகப்படுங்க. ஜூனியர் சீனியர்னு போட்டிருந்தாலும் அப்பா மகன்னு முடிவு பண்ணாதீங்க, அந்தக் காலத்துல ஒரே ஊர்ல ஒரே பேர்ல மூத்தவர் இளையவர்னு பிரிக்கிறதுக்கும் அப்படி எழுதுவாங்க, சித்தப்பாவா இருக்கலாம், உறவே இல்லாமலும் இருக்கலாம். அதனால நியமன உத்தரவைக் கண்டிப்பா தேடுங்க.

75 பவுண்டு புகையிலை வியாபாரம் இல்ல. சாட்சிக்கு வந்தா நாளைக்கு 25 பவுண்டு கணக்கு, மூணு நாள் வந்திருக்கார். வழக்குல அவரை சாட்சிக்குக் கூப்பிட்டவர்தான் தரணும், சர்க்கார் இல்ல. புகையிலைங்கிறது அங்க கணக்கு எழுதுற பணம் மாதிரி, அந்த மலைப்பக்கத்துல அவர் ஒரு செடி நட்டிருக்கணும்னு அவசியமே இல்ல.

நிலம் இருந்துச்சான்னு பாக்க, நிலப் பத்திரங்களைப் பதிஞ்சு வெச்ச டீட் புக் தேடுங்க. ஆயுள் குத்தகை இருந்தாலும் நிலக்காரர் கணக்குதான், அதனால கிரயம் கிடைக்கலைன்னு விட்டுடாதீங்க. பொம்பளைங்க ஜூரில கிடையாது, ஆனா நிலம் விக்கும்போது மனைவியைத் தனியா விசாரிச்சு சம்மதம் எழுதுவாங்க, பாட்டியோட பேரு அங்கதான் கிடைக்கும். இன்னொண்ணு, அடிமைகளுக்கு இந்த ஜூரி எதுவுமே கிடையாது, உயிர் போற குற்றத்துக்குக்கூட அதே ஜஸ்டிஸுங்களே விசாரிச்சுத் தீர்ப்பு சொல்லிடுவாங்க. அடிமை வெச்சிருந்த விஷயமும் அதே வீட்டு ஆவணத்துல வரலாம், மாமியார்கிட்ட முன்கூட்டியே சொல்லி வெச்சிடுங்க.

குடும்பச் சின்னம்னு ஒண்ணு குடும்பப் பேருக்கு கிடையவே கிடையாது. இங்கிலாந்துல அதை தனி ஆளுக்குக் குடுப்பாங்க, அவர் வாரிசுக்கு மட்டும் போகும். ஃபிரேம் போட்டு விக்கிறது எல்லாம் வெறும் அலங்காரம். ஆர்டர் புக் ஸ்கேன் ஃபேமிலிசர்ச்ங்கிற வம்சாவளி வெப்சைட்ல இலவசமா பாக்கலாம், சிலதுக்கு அவங்க சென்டருக்குப் போகணும். ரிச்மண்ட்ல இருக்கிற வர்ஜீனியா மாநில நூலகம் சான்சரி வழக்குகளுக்கு (சொத்து, பாகப்பிரிவினை மாதிரி தகராறுங்க) ஆன்லைன் இன்டெக்ஸ் வெச்சிருக்கு, அதுவும் காசில்ல. இதே படத்தை எடுத்து சந்தா கட்டச் சொல்ற சைட்டுங்களும் இருக்கு. ஆர்டர் புக் இன்டெக்ஸ்ல பெரும்பாலும் வாதி பிரதிவாதி பேருதான் போடுவாங்க, ஜூரி பேரைப் போட மாட்டாங்க, இத்தனை வருஷத்துல அதை ஒழுங்கு பண்ண ஒருத்தருக்கும் கை வரல, அதனால மே நவம்பர் பக்கங்களைக் கையாலதான் புரட்டணும்.

கடைசியா காது. மாமியார் இதுக்கு அழுதாங்கன்னு எழுதியிருந்தீங்க. பன்றி திருடி ரெண்டாவது தடவை மாட்டினவனை ரெண்டு காதையும் ஆணியடிச்சு நிக்க வெச்சு, அப்புறம் வெட்டி விடுவாங்க. காது இல்லாத ஆளைப் பாத்தா ஊரே திருடன்னு நினைக்கும். அதனால சண்டையில காது போனவன் தானே கோர்ட்டுக்கு வந்து "இது கடிச்சதுல போச்சு, தண்டனையில இல்ல"ன்னு எழுதி வாங்கிக்குவான். உங்க ஆளு பண்ணது அதான். அவர் திருடன் இல்லைங்கிறதுக்கு கோர்ட்டே குடுத்த சாட்சி அது. அந்தப் பக்கத்தை மட்டும் பிரிண்ட் போட்டு மாமியாருக்குக் குடுங்க, புத்தக எண்ணையும் பக்க எண்ணையும் ஓரத்துல எழுதி வெச்சுக்கோங்க.