கையேடு இருந்தும் கேள்வி ஏன் ஓயவில்லை?

கேள்வி: லிப்ரெஆஃபிஸ் ரைட்டர் என்ற இலவச எழுத்துச் செயலிக்குத் தமிழில் பயனர் கையேடு எழுதினோம். மெனு வரிசைப்படி ஒவ்வொரு வசதியையும் விளக்கியாயிற்று. ஆனாலும் எங்கள் குழுவில் பழைய கேள்விகளே திரும்பத் திரும்ப வருகின்றன. எங்கே இடிக்கிறது?
– வாசகர், கோவை

பதில்: மெனு வரிசையில்தான். ரைட்டரைத் திறக்கும் மாணவிக்குப் பக்க ஸ்டைல் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆசை கிடையாது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் முதல் இரண்டு பக்கங்களில் எண் வரக்கூடாது, மூன்றாம் பக்கம் 1 என்று தொடங்க வேண்டும், நாளைக்கு பைண்டிங் கடைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். இதற்கு உங்கள் கையேட்டில் ஸ்டைல் (பக்க அமைப்பு), பிரேக் (பக்க முறிவு), ஃபூட்டர் (பக்க அடிப்பகுதி), ஃபீல்ட் (தானாக மாறும் எண் போன்றவை) என்று நான்கு இடங்களைப் புரட்ட வேண்டியிருக்கும். எந்த நான்கு என்று தெரிந்தவருக்குக் கையேடே வேண்டாம்!

தலைப்புகளை வேலையின் பெயரில் வையுங்கள். ‘பக்க ஸ்டைல்கள்’ வேண்டாம். ‘மூன்றாம் பக்கத்திலிருந்து எண் தொடங்க’ போதும். எந்த வேலைகள் என்று மண்டையை உடைத்துக்கொள்ளவும் தேவையில்லை. குழுவில் அடிக்கடி வரும் கேள்விகளே உங்கள் பொருளடக்கம். கேட்டவர் பயன்படுத்திய சொற்களையே தலைப்பில் வையுங்கள்; அடுத்தவரும் அதே சொற்களால்தான் தேடுவார்.

கேள்வி: அந்தப் பக்க எண் வேலையையே மாதிரியாக எழுதிக் காட்டுவீர்களா?
– கல்லூரி மாணவி, சேலம்

பதில்: இதோ. பதிப்பு 7, ஆங்கில மெனு. முதல் இரண்டு பக்கங்களுக்கு எண் கிடையாது என்று வைத்துக்கொள்வோம்.

1. முதல் அத்தியாயத் தலைப்பின் முதல் எழுத்துக்கு முன்னால் கர்சரை வையுங்கள். அதற்கு மேல் ஏற்கெனவே பக்க பிரேக் போட்டிருந்தால் நீக்கிவிடுங்கள்.
2. இன்செர்ட் > மோர் பிரேக்ஸ் > மேனுவல் பிரேக். ‘பேஜ் பிரேக்’ தேர்ந்தெடுத்து, ஸ்டைலில் ‘டீஃபால்ட் பேஜ் ஸ்டைல்’ வையுங்கள். ‘சேஞ்ச் பேஜ் நம்பர்’ கட்டத்தை டிக் செய்து 1 கொடுங்கள்.
3. எஃப்11 அழுத்தி (மேக்கில் கமாண்ட்+T) பக்க ஸ்டைல் பட்டியலுக்குப் போய், ரைட் கிளிக் செய்து புதிய ஸ்டைல் உருவாக்குங்கள். பெயர் ‘முன்பக்கம்’. ‘நெக்ஸ்ட் ஸ்டைல்’ பெட்டியிலும் ‘முன்பக்கம்’ என்றே இருக்க வேண்டும். தாள் அளவும் ஓரங்களும் மற்ற பக்கங்களோடு ஒத்திருக்கட்டும்.
4. முதல் பக்கத்தில் கர்சரை வைத்து ‘முன்பக்கம்’ மீது டபுள் கிளிக்.
5. மூன்றாம் பக்கத்துக்கு வந்து இன்செர்ட் > ஹெடர் அண்ட் ஃபூட்டர் > ஃபூட்டர் > டீஃபால்ட் பேஜ் ஸ்டைல். ஃபூட்டருக்குள் கர்சர் இருக்கும்போதே இன்செர்ட் > ஃபீல்ட் > பேஜ் நம்பர்.

சரியாக வந்ததா? முதல் இரண்டு பக்கங்களின் அடியில் ஒன்றும் இருக்காது, மூன்றாவதில் 1 இருக்கும்.

இரண்டாம் பக்கத்தில் எண் முளைத்தால், 3ஆம் படியில் புது ஸ்டைல் உருவாக்காமல் பட்டியலில் தயாராக இருக்கும் ‘ஃபர்ஸ்ட் பேஜ்’ ஸ்டைலைப் போட்டிருப்பீர்கள். அது ஒரே பக்கத்தோடு நின்று, அடுத்த பக்கத்தை டீஃபால்ட்டுக்கு மாற்றிவிடும்.

இன்னொரு தொல்லை: முன்பக்கங்கள் ஒன்றோ மூன்றோ என்றால், பிரிண்ட் எடுக்கும்போது நடுவில் ஒரு வெற்றுத்தாள் வரும். ஒற்றைப்படை எண் கொண்ட பக்கத்தை ரைட்டர் எப்போதும் வலப்பக்கமாகவே வைக்கும். ஒற்றை எண்ணை அடுத்து மீண்டும் 1 வந்தால், இடையில் இடப்பக்கம் ஒன்றைத் தானே செருகிவிடும். டூல்ஸ் > ஆப்ஷன்ஸ் > லிப்ரெஆஃபிஸ் ரைட்டர் > பிரிண்ட் பகுதியில் தானாகச் செருகிய வெற்றுப்பக்கங்களை அச்சிடும் டிக்கை எடுத்தால் போதும். பழுது என்று பலர் புகார் எழுதுவது இதைத்தான்.

மாதிரியில் ஸ்டைலுக்கு விளக்கம் எங்கும் இல்லை, கவனித்தீர்களா? வேலை கெடும் இடத்தில் மட்டும் காரணம் சொன்னால் போதும். அங்கேதான் அதைப் படிக்கவும் செய்வார்கள். எழுதி முடித்ததும், ரைட்டரில் இந்த வேலையைச் செய்தே பார்க்காத ஒருவரிடம் கொடுத்துப் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்காருங்கள். அவர் கை தயங்கும் இடத்தில் உங்கள் வரியைத் திருத்துங்கள். ‘இது சுலபம்’, ‘வெறுமனே’ போன்ற சொற்களை முதலில் வெட்டுங்கள். சிக்கிக்கொண்டவருக்கு அவை எரிச்சல்தான் தரும்.

கேள்வி: மெனுப் பெயர்களைத் தமிழாக்கலாமா? ஸ்கிரீன்ஷாட் எத்தனை வேண்டும்?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: திரையில் எப்படி இருக்கிறதோ அப்படியே. நல்ல தமிழ்ச்சொல் உங்களிடம் இருந்தாலும், இடைமுகத்தில் அது இல்லையென்றால் வாசகர் தேடித் தவிப்பார். தமிழ் இடைமுகம், ஆங்கில இடைமுகம் இரண்டையும் பயன்படுத்துவோர் இருந்தால் இரண்டு பெயரையும் கொடுங்கள்.

படம் குறைவாக. எங்கே கிளிக் செய்வது என்று சொல்லால் சொல்ல முடியாத இடத்துக்கு மட்டும், அந்த டயலாக்கை மட்டும் வெட்டி வையுங்கள். ஒவ்வொரு பதிப்பிலும் பழசாவது முதலில் படங்கள்தான்.

கேள்வி: ‘எல்லாம் ரெஃபரன்ஸில் (ஒவ்வொரு வசதியையும் பட்டியலிடும் ஆவணத்தில்) இருக்கிறது’ என்கிறார் எங்கள் மென்பொருளை உருவாக்குபவர். அதைத் தூக்கிவிடலாமா?
– வாசகி, சென்னை

பதில்: வேண்டவே வேண்டாம். டானியேலே ப்ரோசிடா வகுத்த டயாடாக்சிஸ் முறையில் ஆவணம் நான்கு வகை: கற்க வைக்கும் பாடம், வேலை முடிக்கும் வழிகாட்டி, ரெஃபரன்ஸ், பின்னணி விளக்கம். நான்கையும் ஒரே பக்கத்தில் குழைப்பதுதான் சிக்கல். ரெஃபரன்ஸ் அப்படியே இருக்கட்டும். வழிகாட்டியிலிருந்து அதற்கு இணைப்பு கொடுங்கள். அவரிடம் வாதாடுவதைவிட, ஒரு வேலைக்கு ஒரு கோப்பு என்று எழுதி, கோப்புக்கு ஒரு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) அனுப்புங்கள். நாற்பது பக்கத்தை ஒரே மூட்டையாக அனுப்பினால் யாரும் பிரித்துப் பார்க்கமாட்டார்கள்.