இரைச்சல் போடும் எஸ்எம்பிஎஸ்: 650 ரூபாய்க்கு மாற்றலாமா?

கேள்வி: வீட்டில் 2013-ல் வாங்கிய கம்ப்யூட்டர் இருக்கிறது. ஐ3 பிராசசர், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. டேலி கணக்கும் பையனின் ஆன்லைன் வகுப்பும் அதில்தான். சில மாதங்களாகப் பின்பக்கம் மிக்ஸி ஓடுவது போலச் சத்தம். வந்து பார்த்த சர்வீஸ்காரர், "எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) போச்சு, 500 வாட் புதுசு 650 ரூபாய், நானே மாட்டித் தருகிறேன். இல்லாவிட்டால் சிஸ்டத்தையே மாற்றிவிடுங்கள்" என்கிறார். சத்தமில்லாத, கைக்கு அடக்கமான ஒன்று கிடைக்காதா?
— வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: சிஸ்டத்தை மாற்ற வேண்டாம். அந்த 650 ரூபாய்ப் பெட்டியும் வேண்டாம்.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நீங்களே பாருங்கள். பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் ஓடும்போது ஒரு காகிதத்தைக் குழாயாகச் சுருட்டிக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு பாகத்தின் அருகிலும் கொண்டுபோங்கள். எதன் மீதும் படக் கூடாது. பிராசசர் மேலுள்ள ஃபேன் என்றால் சில நூறு ரூபாயோடு முடிந்தது. ஹார்ட் டிஸ்க் கறகறத்தால் அன்றைக்கே டேலி டேட்டாவைப் பென்டிரைவில் எடுத்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

எஸ்எம்பிஎஸ்தான் என்று தெரிந்தால், அதைத் திறந்து ஃபேனை மட்டும் மாற்றும் யோசனை வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

இப்போது அந்த 500 வாட் விஷயம். உங்கள் பிராசசர் அதிகபட்சம் 55 முதல் 65 வாட் ரகம். போர்டு, டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்தாலும் மொத்த கம்ப்யூட்டரும் 150 வாட்டைத் தொடாது. ஆகவே வாட் போதுமா என்பது கேள்வியே இல்லை. பெட்டியில் போட்டிருக்கும் எண் உண்மையா என்பதுதான் கேள்வி. எஸ்எம்பிஎஸ்ஸின் உடம்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் +12V என்ற கட்டத்தைப் பாருங்கள். கம்ப்யூட்டரின் பெரும்பசி அந்த 12 வோல்ட்டில்தான். அதற்கு நேராக 14 ஆம்பியர் என்று இருந்தால், 12 பெருக்கல் 14, வெறும் 168 வாட். மேலே 500 என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பது அச்சகத்துக்காரரின் தாராளம். ஒழுங்கான 450 வாட் யூனிட்டில் 12 வோல்ட்டுக்கு 30 ஆம்பியராவது இருக்கும். 12V1, 12V2 என்று இரண்டு கட்டம் இருந்தால் இரண்டையும் கூட்டிவிடாதீர்கள், சேர்த்து எத்தனை வாட் என்று கீழே தனியாகப் போட்டிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து மாட்டித் தருபவர்கள் எல்லோரும் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பொருளையும் அவரே வாங்கி வருவார் என்றால் பில் உங்கள் கைக்கு வராது. வந்தாலும் 'எஸ்டிமேட்' என்று தலைப்புப் போட்ட துண்டுச் சீட்டாக இருக்கும். ஆறு மாதத்தில் பழுதானால் கடைக்காரர் சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொல்வார், சர்வீஸ் சென்டர் பில்லைக் கேட்கும், சர்வீஸ்காரர் போனை எடுக்க மாட்டார். 'டெஸ்டிங் வாரண்டி' என்று ஒன்று சொல்வார்கள், கடையில் ஒருமுறை ஓடினால் அது முடிந்தது. பழையதை "நானே எடுத்துப் போகிறேன் சார்" என்று அக்கறையாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். தூசு தட்டி, புது ஸ்டிக்கர் ஒட்டி, அது இன்னொரு வீட்டுக்குப் போய்விடும். பேக் செய்த இறக்குமதிப் பொருளில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி எல்லாம் இருக்க வேண்டும் என்று 2011-லேயே விதி போட்டாயிற்று. இது எதுவுமே இல்லாத அட்டைப்பெட்டிகள் பட்டப்பகலில் விற்கின்றன, கேட்க ஆளில்லை. ஏமாந்த பிறகு நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகச் சொல்வார்கள். 650 ரூபாய்க்காக யார் அலைவார்கள்? அந்தத் தைரியத்தில்தான் வியாபாரமே நடக்கிறது.

சரி, எதை வாங்குவது? 450 வாட், 80 பிளஸ் புரான்ஸ் (வெண்கலத் தரம்), 120 மில்லிமீட்டர் ஃபேன். 80 பிளஸ் என்பது சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதத்தைக் கம்ப்யூட்டருக்குத் தந்துவிடும் என்பதற்கான சான்று. மீதிதான் சூடாகிறது. சூடு குறைந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், சத்தமும் அடங்கும். பெரிய ஃபேன் குறைந்த வேகத்திலேயே போதுமான காற்றைத் தள்ளிவிடும். அட்டையில் 'சைலண்ட்' என்று போட்டிருப்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை. கோர்செயர், கூலர் மாஸ்டர், டீப்கூல் மாதிரி கம்பெனிகளில் சுமார் 2,000 முதல் 3,500 ரூபாய்க்குள் அமையும். புரான்ஸுக்கு மேல் ரகமான கோல்டு எடுக்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். உங்கள் கம்ப்யூட்டருக்கு அதில் மிச்சமாவது சில வாட்தான், கொடுத்த கூடுதல் விலை கரண்ட் பில்லில் திரும்பி வராது.

ஒன்றை மட்டும் பெங்களூரு என்பதால் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஐடி கம்பெனிகள் கழித்துவிட்ட டெல், எச்பி, லெனோவோ சிஸ்டங்கள் இங்கே வீடு வீடாக இருக்கின்றன. உங்களுடையது அசெம்பிள் செய்ததா, அப்படி வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. போர்டில் சொருகியிருக்கும் பெரிய பிளக்கின் துளைகளை எண்ணுங்கள். 24 இருந்தால் கடையில் கிடைக்கும் சாதாரண ஏடிஎக்ஸ் அளவு எஸ்எம்பிஎஸ் பொருந்தும். டெல் ஆப்டிபிளெக்ஸ் 3020, 9020 போன்றவற்றில் 8 துளைதான். எச்பியில் பலவற்றில் 6, லெனோவோவில் பலவற்றில் 14. இதற்கெல்லாம் கன்வர்ட்டர் கேபிள் உண்டு, ஆனால் உங்கள் மாடலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். "எல்லாத்துக்கும் ஆகும்" என்று நீட்டினால் வாங்காதீர்கள், ஒரு வயர் இடம் மாறினால் போர்டே போய்விடும். கம்ப்யூட்டரின் கேபினெட் மெலிந்தது என்றால் ஏடிஎக்ஸ் உள்ளே நுழையவே நுழையாது, அதே மாடலின் ஒரிஜினல் எஸ்எம்பிஎஸ்ஸைத்தான் தேட வேண்டும். 1990-களின் கடைசியில் வந்த சில டெல்களில் பிளக் அச்சு அசல் ஏடிஎக்ஸ் போலவே இருக்கும், உள் வயரிங் மட்டும் வேறு. உங்களுடையது அவ்வளவு பழசில்லை, பிழைத்தீர்கள்.

கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டுக் கடைகளுக்கு நீங்களே போங்கள். போர்டு பிளக்கையும் பழைய ஸ்டிக்கரையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விலை பேசும்போதே ஜிஎஸ்டி பில்லோடு எவ்வளவு என்று கேட்டு, சீரியல் நம்பரைப் பில்லில் எழுத வையுங்கள். மாட்டுவதற்கு வேண்டுமானால் சர்வீஸ்காரரைக் கூப்பிட்டுக் கூலி கொடுங்கள்.

வீட்டில் விலை குறைந்த யூபிஎஸ் இருந்தால், கரண்ட் போகும் நொடியில் புது எஸ்எம்பிஎஸ் சில சமயம் கம்ப்யூட்டரை அணைத்துவிடக்கூடும். அந்த யூபிஎஸ் தரும் கரடுமுரடான அலை 80 பிளஸ் வகை எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு. யூபிஎஸ்ஸில் பேட்டரி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வேறொரு யூபிஎஸ்ஸில் போட்டுப் பாருங்கள். அதற்குள் இன்னொரு எஸ்எம்பிஎஸ் வாங்க வைக்க ஆள் வந்துவிடுவார்.